ஆமணக்கெண்ணெயில் பறக்கும் விமானம்

விளையாட்டுப் பொருள் என்றால் அது ஆபத்தற்றது என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியது. பட்டமும் பம்பரமும் கிட்டிப்புள்ளும் கொண்டு வளர்ந்த எமக்கு அவ்வெண்ணம் இயல்பானதே. ஆனால் இந்நாட்டில் எமது பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேரும் சில பொருட்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மெதனோலில் ஓடும் சிறிய மாதிரி விமான இயந்திரம் அவற்றுள் ஒன்று. அதற்கு எந்த எரிபொருளைத் தெரிவு செய்வது என்ற கேள்வியில் பிள்ளையின் ஆசை மட்டுமன்றி, வீட்டின் பணமும், பிள்ளையின் கண்பார்வையும், இந்நாட்டுச் சட்டமும் அடங்கியிருக்கின்றன. எனவே இதனைப் பெற்றோர் அறிந்திருப்பது நன்று.

இந்த இயந்திரங்கள் எம்மவர் வீடுகளுக்குள் இப்போது வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று மாதிரி விமானங்களில் பெரும்பாலானவை மின்கலத்தில் பறக்கின்றன. 1930 இல் தொடங்கப்பட்டு, ஜேர்மன் சிறுவர்களின் பல தலைமுறைகளுக்கு விமானப் பெட்டிகளை விற்ற க்ரௌப்னர் நிறுவனமே 2012 இல் நொடித்துப் போனது. அக்காலத்து இயந்திரங்களை முதியவர்கள் தமது நிலவறைகளிலிருந்து எடுத்துப் பழைய பொருட் சந்தைகளில் மலிவாக விற்கிறார்கள். சில வேளைகளில் அயலவரின் பிள்ளைக்கு இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள். கார்ஹிங்கில் வாழும் எமது வீட்டுக்கும் அவ்வாறே ஒன்று வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயதான எமது மகனுக்கு அயலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் 6.5 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார். அதன்பின் நாம் கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்த இயந்திரம் எவ்வாறு ஓடுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். மோட்டார்ச் சைக்கிளில் உள்ளதைப் போன்று இதில் மின்பொறி உண்டாக்கும் ஏற்பாடு கிடையாது. சிலிண்டரின் தலையில் ஒரு சிறு பிளக் மட்டுமே உண்டு. அதனுள்ளே பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. ஜேர்மனியர் இதனைக் 'குளூகேர்ட்சே' என்பர். தொடக்கத்தில் 1.5 வோல்ற் மின்கலத்தால் அச்சுருளைச் செந்தணலாக்கி, சுழலியைச் சுற்றிவிட வேண்டும். இயந்திரம் பிடித்ததும் மின்கலத்தை அகற்றிவிடலாம். அதன்பின்னும் சுருள் அணையாது. மெதனோல் ஆவி பிளாற்றினத்தின் மேற்பரப்பில் தாக்கமுற்று வெப்பத்தைத் தருவதாலும், ஒவ்வொரு எரிதலின் சூடும் மீந்து நிற்பதாலும் அது தொடர்ந்து கனன்றுகொண்டிருக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947 இல் இந்தப் பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மின்கலமும் மின்சுருளும் சுமக்கும் தேவை அற்றுப்போனதனால் சிறு விமானம் இலேசாயிற்று.

இதிலிருந்தே எரிபொருள் பற்றிய முதல் விதி பிறக்கிறது. பிளாற்றினச் சுருள் மெதனோலோடுதான் இசைந்து நடக்கும். பெற்றோலையோ டீசலையோ இதில் ஊற்றினால் இயந்திரம் ஓடாது. சிலிக்கோன் குழாய்களையும் பெற்றோல் கெடுத்துவிடும். 'டீசல்' என்ற பெயரில் வேறொரு வகை மாதிரி இயந்திரமும் பழைய பொருட் சந்தைகளில் கிடைக்கும். அதற்குப் பிளக் இல்லை. ஈதரும் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்த எரிபொருள் வேண்டும். ஆகவே வாங்குமுன் சிலிண்டர்த் தலையைப் பாருங்கள். பிளக் இருந்தால் மெதனோல். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அது மற்ற வகை.

கடையில் விற்கும் எரிபொருளில் மூன்று பொருட்கள் உண்டு. எரிவது மெதனோல். இயந்திரத்தைக் காப்பது எண்ணெய். வலுவைக் கூட்டுவது நைத்திரோமெதேன். இந்த மூன்றில் போத்தலின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது நைத்திரோவின் வீதமே. பத்து என்றும் பதினைந்து என்றும் காணும் சிறுவர், எண் கூடினால் பொருள் உயர்ந்தது என்று நம்பிவிடுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். ஆனால் இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது சிறிய எழுத்தில் இருக்கும் மற்ற வரி: எண்ணெய் எவ்வளவு, எவ்வகை என்பது.

நைத்திரோமெதேன் தன்னுள்ளேயே ஒட்சிசனைக் கொண்டிருக்கிறது. அதனால் ஒரே அளவு காற்றில் கூடிய எரிபொருளை எரிக்க முடிகிறது, வலு கூடுகிறது, மெதுவான ஓட்டமும் சீராகிறது. 0.8 கன சென்ரிமீற்றர் போன்ற மிகச் சிறிய இயந்திரங்களுக்கு அது உண்மையிலேயே தேவை. நான்கு வீச்சு இயந்திரங்களும் 10 வீதமளவில் நன்றாக நடக்கும். ஆனால் ஐரோப்பாவில் செய்யப்பட்ட பழைய இரு வீச்சு இயந்திரங்கள் பலவும் உயர்ந்த அமுக்க விகிதத்தோடு, நைத்திரோ இன்றியோ 5 வீதத்தோடோ ஓடுவதற்காகவே அமைக்கப்பட்டவை. அவற்றில் கூடுதலாக ஊற்றினால் எரிதல் உரிய நேரத்துக்கு முன்பே நிகழ்ந்து, பிளக்கின் சுருள் அறுந்து, பிஸ்ரனும் அடிபடும். உலக விமான விளையாட்டுச் சம்மேளனத்தின் கட்டுக்கம்பி வேகப் போட்டிகளிலேயே 80 வீதம் மெதனோலும் 20 வீதம் ஆமணக்கெண்ணெயும் கொண்ட, நைத்திரோ சிறிதுமற்ற கலவை விதிக்கப்பட்டிருந்தது. மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை அந்த எளிய கலவையிலேயே எட்டினார்கள்.

அதிக வலு தரும் எரிபொருள் எது என்பது ஒரு கேள்வி; பொருத்தமான எரிபொருள் எது என்பது வேறொரு கேள்வி. நாம் வாழும் கார்ஹிங்கில் இந்த வேறுபாடு பெரிய அளவிலே பேசப்பட்டு வந்திருக்கிறது. 'அணு முட்டை' என்று மக்கள் அழைக்கும் ஆய்வு உலையின் கவிகைமாடம் இந்நகரின் சின்னத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. 1957 ஒக்ரோபர் 31 அன்று இயங்கத் தொடங்கிய அவ்வுலை 2000 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் அருகே 2004 இல் இயக்கிவைக்கப்பட்ட இரண்டாவது உலைக்கு 93 வீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியம் எரிபொருளாயிற்று. அது ஆய்வுக்கு மிகச் சிறந்தது என்றார்கள் ஒரு சாரார். அத்தகைய செறிவு ஆயுதத்துக்கும் உதவும் என்பதால் குறைந்த செறிவுக்கு மாறவேண்டும் என்றார்கள் மறு சாரார். மாறவேண்டும் என்ற நிபந்தனை அவ்வுலையின் அனுமதிப்பத்திரத்திலேயே எழுதப்பட்டது. உலையையும் உள்ளங்கை இயந்திரத்தையும் ஒப்பிட முடியாது. ஆனால் வலு மட்டுமே அளவுகோல் ஆகாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

நைத்திரோ விடயத்தில் சட்டமும் குறுக்கிடுகிறது. அது வெடிபொருள் செய்யவும் பயன்படக்கூடியது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டின் 1148 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2021 பெப்ரவரி 1 முதல், நிறையில் 16 வீதத்துக்கு மேல் நைத்திரோமெதேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் அனுமதியின்றி வாங்குவதையும் வைத்திருப்பதையும் எடுத்து வருவதையும் தடுத்துள்ளது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நைத்திரோமெதேன் மெதனோலைவிட அடர்த்தி கூடியது. கன அளவில் 10 வீதம் என்று எழுதப்பட்டிருப்பது நிறையில் ஏறத்தாழ 13 வீதமாகும். கன அளவில் 15 வீதம் என்றால் நிறையில் 19 வீதத்தைத் தாண்டிவிடும். பழைய போத்தல்களில் எந்த அளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். வேறு நாட்டில் வாழும் எமது உறவினர் ஒருவர், 25 வீதக் கலவையைக் காரில் கொண்டுவந்து தருவதாக எமது மகனிடம் அன்போடு சொன்னார். அந்த அன்பை ஏற்று, அந்தத் தகரத்தை மறுத்தோம். வதிவிட அனுமதிக்காக அலுவலக வாசலில் இலக்கச் சீட்டோடு காத்திருப்பவர்கள் நாம். வெடிபொருட் சட்டத்தின் கீழ் ஒரு விசாரணை என்றால், அது விளையாட்டுக்காக என்று விளங்கப்படுத்துவதற்குள் எத்தனை கதவுகள் மூடப்பட்டுவிடும் என்பதை வாசகர்களே அறிவீர்கள்.

இனி எண்ணெய்க்கு வருவோம். இங்கேதான் எமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இயந்திரத்தைத் தந்த முதியவர் பழைய எரிபொருளை முகர்ந்து பார்த்து, 'றிட்சீனுஸ்' என்றார். அகராதியைப் புரட்டியபோது அது எமது ஆமணக்கு. பாடசாலை விடுமுறை வந்ததும் அம்மம்மா மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே எண்ணெய்! பேதிக்குக் குடித்துவிட்டு, பகல் முழுவதும் கொல்லைக்கும் திண்ணைக்கும் நடந்த தலைமுறையினர் நாம். அந்த எண்ணெய் விமானத்தை ஓட்டும் என்று எமக்கு எவரும் சொன்னதில்லை.

அது தற்செயலானதும் அல்ல. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெதனோலில் கரையாது. தனியே பிரிந்து நிற்கும். ஆமணக்கெண்ணெயின் பெரும்பகுதியான றிசினோலெயிக் அமிலத்தில் மதுசாரத்தோடு இசையும் ஒரு கூறு இருப்பதனால் அது முற்றாகக் கரைந்துவிடுகிறது. அதேவேளை பெற்றோலில் அது எளிதிற் கரைவதில்லை. இந்தக் குணத்துக்காகவே முதலாம் உலகப் போர்க் காலத்து விமானங்களின் சுழல் இயந்திரங்களில் அதனை ஊற்றினார்கள். 1909 இல் தோன்றிய 'காஸ்ட்ரோல்' என்ற எண்ணெய்ப் பெயரும் 'காஸ்ரர்' எனப்படும் ஆமணக்கெண்ணெயிலிருந்து பிறந்ததே. போரின்போது பிரித்தானியக் கடல் முற்றுகையால் ஜேர்மனிக்கு ஆமணக்கெண்ணெய் வருவது தடைப்பட்டது. மாற்றாகப் பயன்படுத்திய எண்ணெய்களால் ஜேர்மன் விமானங்களின் சுழல் இயந்திரங்கள் சூடேறிப் பழுதடைந்தன. கார்ஹிங்குக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவில் ஓபர்ஷ்லைஸ்ஹைமில், 1912 இல் பவேரிய விமானப் படைக்காக அமைக்கப்பட்ட விமானத்தளம் இன்றும் உண்டு. அங்கே 1992 இல் திறக்கப்பட்ட விமான அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். எமது வளவு வேலியில் தானாக முளைத்த செடி இல்லாமற் போனதால் ஒரு பேரரசின் விமானங்கள் தவித்தன என்ற கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். இன்றும் உலகின் ஆமணக்கு விளைச்சலில் மிகப் பெரும் பங்கு இந்தியாவினுடையது; அதிலும் குஜராத் மாநிலமே முதலிடம் வகிக்கிறது.

ஆமணக்கெண்ணெயின் சிறப்பு கடுஞ் சூட்டில் வெளிப்படும். கலவையில் எரிபொருள் குறைந்து காற்று கூடும்போது இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். அவ்வேளையில் செயற்கை எண்ணெய்கள் பல எரிந்து போய்விடும். ஆமணக்கெண்ணெயோ இன்னும் கெட்டியான படலமாக உலோகத்தைப் பற்றி நிற்கும். புதிதாகப் பழகும் பிள்ளை ஊசி வால்வை இறுக்கமாகத் திருகிவிடுவது வழக்கம். அப்போது இயந்திரத்தைக் காப்பாற்றுவது இந்தப் படலந்தான். மெதனோல் எரியும்போது சிறிதளவு போமிக் அமிலமும் உண்டாகிறது. மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். இரண்டும் சேர்ந்து உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆமணக்கெண்ணெய் அதற்கும் கவசமாகிறது.

எமது மகனுக்குக் கிடைத்த இயந்திரம் இருபது ஆண்டுகள் நிலவறையில் கிடந்தது. சுழலி அசையவே இல்லை. துருப்பிடித்துவிட்டது என்று நாம் எண்ணியிருக்க, முதியவர் தலைமயிர் உலர்த்தும் கருவியால் அதனைச் சூடாக்கி, இரண்டு துளி மெதனோலையும் விட்டார். இறுகிய பழைய எண்ணெய் இளகி, இயந்திரம் சுழன்றது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பெயாரிங்குகள் புதியன போல் மின்னின. செயற்கை எண்ணெய் மட்டுமே கண்ட வேறோர் இயந்திரத்தைச் சந்தையில் பார்த்தோம். வெளியே பளபளப்பு, உள்ளே பழுப்புத் துரு. அழகைக் கண்டு வாங்காமல் அதன் சுழலியைக் கையால் மெல்லச் சுற்றி, கரகரப்பு உண்டா என்று பார்த்தபின் வாங்குவதே புத்தி.

ஆமணக்கெண்ணெய்க்குக் குறையும் உண்டு. அது சிலிண்டரிலும் சைலன்சரிலும் பழுப்பு நிறப் பசையாகப் படியும். விமானத்தின் மேலும் ஒட்டும். செயற்கை எண்ணெய் சுத்தமானது. ஆகவே இன்று இரண்டையும் கலந்து விற்கிறார்கள். நாம் அறிந்தவரையில் பொருத்தமான தெரிவு இதுவே: வெண்கலப் புஷ் உள்ள எளிய, பழைய இயந்திரத்துக்கு 20 வீத எண்ணெய், அதில் பெரும்பகுதி ஆமணக்கு, பெயாரிங் உள்ள 5 முதல் 10 கன சென்ரிமீற்றர் வரையான இரு வீச்சு இயந்திரத்துக்கு 18 முதல் 20 வீத எண்ணெய், அதில் நாலிலொரு பங்காவது ஆமணக்கு, நைத்திரோ 0 முதல் 5 வீதம், நான்கு வீச்சு இயந்திரத்துக்கு 15 முதல் 18 வீத எண்ணெய், நைத்திரோ 10 வீதம். இயந்திரத்தோடு வந்த கையேடு வேறு சொன்னால் கையேட்டுக்கே மதிப்பளியுங்கள். காசை மிச்சப்படுத்த விரும்புபவர் நைத்திரோவைக் குறைக்கலாம். விலை கூடியது அதுதான். எண்ணெயை ஒருபோதும் குறைக்கக் கூடாது.

ஊரிலிருந்து வந்த ஆமணக்கெண்ணெயை மெதனோலில் கலந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். விதையை வறுத்து, இடித்து, நீரில் கொதிக்கவைத்து எடுத்த எண்ணெயில் நீரும் பிசினும் தங்கியிருக்கும். அது மருந்துக்கு ஆகலாம், இயந்திரத்துக்கு ஆகாது. இயந்திரத்துக்கு வேண்டியது குளிர்முறையில் பிழிந்து, பிசின் நீக்கிய எண்ணெய். அத்துடன் வீட்டிலே மெதனோல் கலக்கும் வேலையை நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். அதற்கான காரணம் மிகவும் பெரியது.

மெதனோல் கொடிய நஞ்சு. பார்வைக்கு நீர் போலிருக்கும். மணம் சாராயத்தை ஒத்திருக்கும். உடலுக்குள் அது போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும். சில தேக்கரண்டி அளவே ஒருவரைக் குருடாக்கப் போதும். சற்றுக் கூடினால் உயிர் போகும். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 யூன் மாதம் மெதனோல் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடித்த உடனே பெரிய அறிகுறி தெரியாமல், பல மணித்தியாலங்களின் பின்னரே கண் மங்குவதும் மூச்சு வாங்குவதும் தொடங்கும். ஆகவே பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டது என்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. 112 ஐ அழையுங்கள். மியூனிக் நஞ்சு அவசரத் தகவல் நிலையத்தின் இலக்கம் 089 19240. நேரத்தோடு போனால் மாற்று மருந்து உண்டு.

இதனாலேயே எரிபொருளைக் குடிபான வெற்றுப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிரும் அகதி விடுதிகளில் இது இன்னும் அவசியம். அங்கே அதனை வைத்திருக்கவே வேண்டாம், பறப்பு மைதானத்திலேயே விட்டுவரக் கேளுங்கள். வீட்டில் வைப்பதானால் அதன் சொந்தக் கொள்கலனிலேயே, இறுக மூடி, பூட்டிய இடத்தில் வையுங்கள். ஜேர்மன் எழுத்தை வாசிக்க இயலாத பாட்டி வீட்டில் இருப்பார்; ஆதலால் 'நஞ்சு' என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். தோலினூடாகவும் அது உடலுக்குள் புகும், கையுறை அணியுங்கள். மெதனோல் எரியும் சுவாலை பகல் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. தீப்பிடித்தது தெரியாமலே கை வெந்துவிடும். எனவே எரிபொருள் ஊற்றும் இடத்தில் புகைத்தல் கூடாது.

கடைசியாக, பறக்கவிடும் இடம். 1992 இல் திறக்கப்பட்ட மியூனிக் விமானநிலையமும் ஓபர்ஷ்லைஸ்ஹைம் தளமும் கார்ஹிங்குக்கு அருகே உள்ளன. எமது தலைக்கு மேலுள்ள வானம் வெறுமையானது அல்ல. ஜேர்மனியில் மாதிரி விமானத்துக்குப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். 250 கிராமுக்கு மேற்பட்டதை இயக்குபவர் தம்மைப் பதிவு செய்து, அந்த இலக்கத்தை விமானத்தில் ஒட்ட வேண்டும். எரிபொருள் இயந்திரத்தைக் குடியிருப்புகளுக்கு அருகே இயக்குவதற்கும் தடைகள் உண்டு. இவற்றையெல்லாம் தனியே சுமப்பதைவிட, பிள்ளையை ஒரு மாதிரி விமானக் கழகத்தில் சேர்த்துவிடுவதே நல்லது. கழகத்துக்கு அனுமதி பெற்ற மைதானம் உண்டு. காப்புறுதியைச் சங்கமூலம் பெறலாம். எந்த இயந்திரத்துக்கு எந்த எரிபொருள் என்று சொல்லித்தர முப்பது, நாற்பது ஆண்டு அனுபவமுள்ள முதியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் தமது அறிவை வாங்கிக்கொள்ள ஓர் இளம் கை தேவைப்படுகிறது.

பெற்றோரே, பிள்ளை இயந்திரத்தைக் கொண்டுவந்தால் பயந்து பறிக்கவும் வேண்டாம். விளையாட்டுத்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். அருகில் அமர்ந்து, போத்தலின் சிறிய எழுத்தைச் சேர்ந்து வாசியுங்கள். நைத்திரோ எவ்வளவு என்று பிள்ளை கேட்கும். எண்ணெய் எவ்வளவு, எவ்வகை என்று நீங்கள் கேளுங்கள். ஆமணக்கு என்று எழுதியிருந்தால், அந்த ஒரு சொல்லைப் பற்றியாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எம்மிடம் நிறைய இருக்கிறது.